மூன்றாவது வராத முத்தொடர்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் மருதங்குடியிருப்புக் கமக்காரர் அமைப்பின் தலைவர், என் நீண்டநாள் நண்பர் தங்கராசா அவர்களே! எனக்கு முன் பேசி முடித்துக் களைத்துப்போய் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கலை இலக்கிய வட்டத்தின் உறவுகளே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அமரரின் சகோதரி விமலேஸ்வரி அவர்களே! கதிரை போதாமல் வெளியே சைக்கிள்களில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே! உள்ளே வாருங்கள் என்று எவரும் சொல்லாததால் கடைசி வாசற்படியிலேயே நிற்கும் வீரம்மா அக்கா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் துயரம் நிறைந்த வணக்கம்.

என்னை அறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் அப்புத்துரை. இளைப்பாறிய தமிழாசிரியர். கலை இலக்கிய வட்டத்துக்கு இருபது வருடமாகச் செயலாளர். ஒரு காலத்தில் இந்த ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கும் நானே செயலாளராக இருந்தேன். இந்த இரண்டு பதவிகளையும் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் தேவைப்படும்.

பத்து நாட்களுக்கு முன் நம்மை விட்டுப் பிரிந்தவர் யார்? எழுத்தாளர் சிவலட்சுமி அம்மையார்! பிரதேச நூலகத்தில் முப்பது வருடம் வேலை செய்து, நம் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைத் தொடக் கற்றுக்கொடுத்த சிவலட்சுமி! சிறுநீரக நோயோடு ஐந்து வருடம், கிழமைக்கு இரண்டு முறை பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த சிவலட்சுமி! அந்தப் பஸ்ஸிலும் கொப்பி வைத்து எழுதிய சிவலட்சுமி! அவருக்கு இன்று எத்தனை மாலைகள், எத்தனை பதாகைகள்!

பதாகைகளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கரடிப்போக்குச் சந்தியிலிருந்து இந்தப் பொதுநோக்கு மண்டபம் வரும் வரைக்கும் நான் எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்பது பதாகைகள். அரிசி ஆலைக்காரர் ஒன்று, பழைய மாணவர் சங்கம் ஒன்று, விளையாட்டுக் கழகம் ஒன்று, இப்படி ஒன்பது. ஒன்பதிலும் ஒரே சொல். இதோ என் முதுகுக்குப் பின்னாலும் அதே சொல்தான். 'வன்னி மண்ணுக்கு முத்தொடர் தந்த எழுத்துச் செம்மல்.' எனக்கு முன் பேசிய நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். முத்தொடரின் மூன்றாவது நூலின் முடிவு தன்னைக் கண்கலங்க வைத்தது என்றார்.

எந்த மூன்றாவது நூல் ஐயா? எங்கே வாங்கினீர்கள்? எந்தக் கடையில்? மூன்றாவது நூல் அச்சாகவே இல்லையே!

சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய கூட்டம் இல்லை இது. அந்த நண்பரிலும் எனக்குக் கோபம் இல்லை. ஊரே ஒன்பது பதாகை கட்டிச் சொல்லும்போது அவர் மட்டும் என்ன செய்வார்?

முத்தொடர் என்றால் என்ன? இந்தச் சொல்லை நாம் படுத்தும் பாட்டைப் பார்த்தால் அழுகைதான் வருகிறது. மூன்று நாள் நடந்த உதைபந்தாட்டப் போட்டிக்கு ஒருமுறை முத்தொடர் என்று பெயர் வைத்தோம். ஒரே வருடத்தில் மூன்று சின்னக் கவிதைப் புத்தகம் போட்ட ஒருவருக்கு முத்தொடர்க் கவிஞர் என்று பொன்னாடை போர்த்தினோம். போர்த்தியவன் நான்தான். பெரிய நாவலை அச்சகத்தில் மூன்றாகப் பிரித்துக் கட்டினால் அதுவும் முத்தொடர் என்கிறோம்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அம்மையாரின் முதல் நாவலான 'காடு வெட்டிய கை' அச்சுக்குப் போகும்போது, அட்டையை எழுதியவன் நான். 'பாகம் ஒன்று' என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். அம்மையார் பேனையை வாங்கி வெட்டிவிட்டு, 'முத்தொடரின் முதல் நூல்' என்று எழுதினார். எனக்குத் தமிழாசிரியர் என்ற ரோசம் வந்துவிட்டது. பாகத்துக்கும் தொடருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். நூலக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்.

"சேர், ஒரு கதையை மூண்டாய் வெட்டினால் அது பாகம். முத்தொடர் எண்டால் மூண்டு புத்தகமும் தனித்தனியாய் நிக்கவேணும். ஆரும் ஒண்டை மட்டும் வாசிச்சாலும் விளங்கவேணும். ஆனால் அதுக்குள்ள ஒண்டை எடுத்துப்போட்டால் மிச்சம் ரெண்டும் பொய்யாய்ப் போகவேணும். அதுதான் முத்தொடர்."

அகராதியில் இப்படி இல்லையே என்றேன். "அகராதியிலை இல்லாட்டி எழுதிச் சேருங்கோ" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "அட்டையிலை இப்பவே போடுறது எனக்கு நானே கட்டை போடத்தான். மூண்டாவதை எழுதாமல் நான் ஓடித் தப்பக்கூடாது." எதிலிருந்து ஓட நினைக்கிறார் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்காமல் விட்டேன் போலிருக்கிறது.

'காடு வெட்டிய கை'யை நாம் எப்படிக் கொண்டாடினோம்! குடாநாட்டிலிருந்து நம் தகப்பன்மார் வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று, யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவில் கழனி கண்ட கதை அது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரதி இருந்தது. தங்கராசா தன் தகப்பனார் வரும் பக்கத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். நான் போகும்போதெல்லாம் காட்டுவார். வேண்டாம் தங்கராசா, சங்கடப்படாதே. என் தகப்பனார் வரும் பக்கம் என் வீட்டிலும் மாட்டியிருக்கிறது.

இரண்டாவது 'கூடார இலக்கம்'. இறுதிப் போரில் நாம் ஓடிய கதை, செட்டிகுளத்து முகாமில் கிடந்த கதை. அதை வாசித்து அழாதவர் இந்த மண்டபத்தில் உண்டா? அதில் ஓரிடம் இருக்கிறது. முகாமில் தண்ணீர் பவுசர் வராத மூன்றாம் நாள், தன் வாளியில் இருந்ததில் பாதியை முன்பின் பழகாத ஒரு கிழவிக்கு ஊற்றிக் கொடுக்கும் பெண் ஒருத்தி வருவாள். அந்தக் கிழவி என் தாய். ஊற்றிக் கொடுத்தவர் வீரம்மா அக்கா. அந்தப் பக்கத்தை நான் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன், மேடைகளில் வாசித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

முதல் நூல் நமக்குப் பெருமை தந்தது. இரண்டாவது நமக்கு இரக்கம் தந்தது. இரண்டும் போதும் என்று இருந்துவிட்டோம். மூன்றாவது எப்போது வரும் என்று சந்திக்குச் சந்தி அவரை மறித்துக் கேட்டோமே, அது என்ன ஆசை? நாம் திரும்பி வந்து, வீடு கட்டி, விதைத்து, பிள்ளைகளைப் படிப்பித்த கதையைச் சொல்லி நம்மைத் தட்டிக்கொடுப்பார் என்ற ஆசை.

அவர் மூன்றாவதை எழுதி முடித்தார். ஆம், எழுதி முடித்தார்! இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு, ஐப்பசி மாதம், மழைக்குள் குடையும் பிடித்துக்கொண்டு வந்து, பொலித்தீன் பையில் சுற்றிய நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை இலக்கிய வட்டத்தின் செயலாளரிடம் கொடுத்தார். அதன் பெயர் 'கடைவாய்க்கால்'. செயலாளர் யார்? முதலில் சொன்னேன், நினைவிருக்கிறதா?

அந்த நூலில் என்ன இருந்தது என்று இங்கே தெரிந்தவர்கள் ஐந்து பேர். நானும் தங்கராசாவும் வெளியீட்டுக் குழுவின் மற்ற மூவரும். இன்று முதல் எல்லோருக்கும் தெரியட்டும்.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டம். இதே மண்டபம், அப்போது கூரைக்குத் தகரம்தான். குளத்தில் தண்ணீர் குறைவு. யாருக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று பிரிக்க வேண்டும். கடைவாய்க்காலில் முப்பத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்து, நம் வயல்களில் கூலிக்கு நின்று, பிறகு வாய்க்காலின் கடைசியில் தாமே காடு வெட்டிக் கழனி கண்ட சனங்கள். அவர்கள் வெட்டிய காட்டைப் பற்றி எந்தச் சுவரிலும் கண்ணாடி போட்டு ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. அவர்களிடம் அரசாங்கம் தரும் காணிப் பெர்மிற்றும் இல்லை. முகாமில் நமக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள். அங்கே தலைவாய்க்கால், கடைவாய்க்கால் என்று ஒன்றும் இருக்கவில்லை.

தீர்மானத்தை எழுதியவன் நான். 'பெர்மிற் இல்லாத காணிகளுக்கு இம்முறை நீர் வழங்கப்பட மாட்டாது.' என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள். அழகாகத்தான் எழுதினேன். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று தலைவர் கேட்டார். மண்டபம் நிறையக் கைகள்! பெர்மிற் இல்லாதவர்களுக்குக் கை உயர்த்தும் உரிமை இல்லை. அவர்கள் அந்தக் கடைசி வாசற்படியில் நின்றார்கள்.

இந்தத் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பி அவர்கள் விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஊறிய நெல் காத்திருக்காது, கமக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீரம்மா அக்கா வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, ஊற வச்ச நெல்ல நாங்க என்னா செய்யிறது?"

ஒருவன் மேடையிலிருந்து பதில் சொன்னான். "புழுக்கிப்போட்டுச் சாப்பிடுங்கோ."

மண்டபமே சிரித்தது. நல்ல பகிடி என்று பிறகும் பல நாள் சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பகிடியைச் சொன்னவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஊற்றிய தண்ணீரைக் குடித்த தாயின் மகன் நான்.

முப்பத்திரண்டில் பத்தொன்பது குடும்பங்கள் அந்த வருடமே எழும்பி வவுனியாப் பக்கம் கூலிக்குப் போய்விட்டன. அவர்கள் விட்டுப்போன கழனி தரிசாகவா கிடக்கிறது? இல்லையே! அடுத்த போகமே அங்கே உழவு மெசின் இறங்கியது. யாருடைய மெசின் என்று முன்வரிசையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். இரண்டு ஏக்கர் என்னிடம் இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் ஏக்கரைத் தாங்களே சொல்லட்டும்.

மணி அடிக்கிறாய் தங்கராசா. ஐந்து நிமிடம் என்றுதான் நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறோம், தெரியும். அம்மையாருக்கு நான் நாலு வருடம் கடன். இன்னும் கொஞ்சம் பொறு.

இதுவரைக்கும் சொன்னது நம் கதை. இனி அவருடைய கதை. இந்த ஊரில் ஒரு நல்ல மனுசி இருந்தார், நம் அநியாயத்தைக் கண்டு எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்தால் அவரை இரண்டாம் முறை கொன்றவர்கள் ஆவோம். அந்தக் கூட்டத்தில் சிவலட்சுமி அம்மையாரும் இருந்தார். தகப்பனார் வழி வந்த மூன்று ஏக்கருக்குச் சொந்தக்காரியாக இருந்தார். அவரும் கையை உயர்த்தினார்! என் பகிடிக்கு அவரும் சிரித்தார்! போனவர்களின் கழனியில் ஒரு ஏக்கர் அவர் பங்குக்கும் வந்தது. இரண்டு போகம் விதைத்து அறுத்தார்.

'அந்த அரிசிச் சோறு மற்றச் சோற்றைப் போலத்தான் இருந்தது. தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.' இது மூன்றாவது நூலில் அவர் எழுதியது. மூன்றாம் போகத்துக்கு முன் ஒருநாள் தனியே நடந்து போய் அந்த ஏக்கரை வீரம்மா அக்காவின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். யாருக்கும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் முதல் நூலை எழுத உட்கார்ந்தார். நமக்கெல்லாம் புனைபெயர் போட்டவர், தனக்கு மட்டும் சிவலட்சுமி என்றே போட்டிருக்கிறார்.

இப்போது விளங்குகிறதா, முத்தொடர் என்ற சொல்லுக்கு அவர் சொன்ன அர்த்தம்? நம் தகப்பன்மார் பட்ட பாடு உண்மை. நாம் பட்ட பாடு உண்மை. ஆனால் நாம் இன்னொருவனைப் படுத்திய பாட்டை எடுத்துவிட்டு அந்த இரண்டையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால்? அது பொய். நான் மேடைகளில் வாசித்து வாங்கிய கைதட்டு அத்தனையும் பொய். பொய் சொல்லாமல் இருப்பதற்காகவே ஒரு சொல்லை அட்டையில் போட்டு வாக்குக் கொடுத்த மனுசியை, மூன்றாவதை மறைத்து வைத்துப் பொய்க்காரியாக்கி அனுப்பிவைத்தோம். அனுப்பிவிட்டு ஒன்பது பதாகை கட்டியிருக்கிறோம்!

குழு கூடியது ஒரே ஒரு நாள். "ஊரைக் காட்டிக் குடுக்கிற புத்தகம்" என்றார் ஒருவர். "காணிப் பிரச்சினை திரும்பக் கிளம்பும்" என்றார் இன்னொருவர். தங்கராசா சுருட்டைப் பற்றவைத்தார். நான் பக்கங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போய் என் அலுமாரியில், மனைவியின் கூறைச் சீலைக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். அம்மையாருக்கு அச்சகத்தில் இருக்கிறது என்று சொன்னேன். ஒவ்வொரு மாதமும் கேட்டார். கடதாசித் தட்டுப்பாடு என்றேன். கரண்ட் இல்லை என்றேன். பெற்றோல் வரிசைக் காலம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? நாடே நின்றுபோனபோது நான் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அவருக்குத் தெரியும். நூலகத்தில் முப்பது வருடம் புத்தகம் கொண்டுபோய்த் திருப்பித் தராதவர்களின் முகத்தைப் பார்த்த மனுசிக்கு என் முகத்தை வாசிக்கத் தெரியாதா?

கடைசியாக வந்தது போன வைகாசி. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் பஸ்ஸால் இறங்கி என் வீட்டு வாசல் படலையில் நின்றார். கை வீங்கியிருந்தது. உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை.

"சேர், நான் இருக்கேக்க அது வரவேணும்."

"வரும், வரும். சுகமாய் இருங்கோ."

"இல்லை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நான் செத்தாப்பிறகு வந்தால் எல்லாரும் ரெண்டு நிமிசம் எழும்பி நிண்டு, அழுதுபோட்டு விட்டிடுவினம். உயிரோட இருக்கேக்க வந்தால் ஏசுவினம். சந்தியிலை மறிச்சு ஏசுவினம். வீரம்மா வந்து ஏசுவா. எனக்கு அந்த ஏச்சு வேணும், சேர். அது வாங்காமல் போனால் நான் எழுதினதுக்கு அர்த்தமில்லை."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றேன்.

சபையோரே! ஒரு மனுசி இந்த ஊரிடம் கேட்டது பட்டமா? பொன்னாடையா? பதாகையா? ஏச்சு! தனக்கு உரிய ஏச்சு! அதைக்கூடக் கொடுக்க மறுத்த ஊர் இது. அதை மறுத்தவன் உங்கள் முன் நிற்கிறான். தலைவாய்க்காலில் கல்லை வைத்துக் கடைவாய்க்காலை மறித்த அதே கை, அந்தப் புத்தகத்தையும் மறித்தது.

அஞ்சலி உரையின் முடிவில் அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுப்பது வழக்கம். நானே நூறு கூட்டத்தில் எடுத்திருக்கிறேன். ஒன்றையும் தொடர்ந்ததில்லை. ஆகவே இன்று உங்கள் எவரின் பேரிலும் நான் உறுதி எடுக்கவில்லை. என் பேரில் மட்டும் சொல்கிறேன். 'கடைவாய்க்கால்' தைப்பொங்கலுக்கு முன் வரும். இலக்கிய வட்டத்தின் பெயரில் வேண்டாம், என் பெயரில் வரும். அச்சகத்தில் நேற்றுப் பேசிவிட்டேன், இந்த முறை உண்மையாகவே பேசினேன். அவருடைய எழுத்தில் ஒரு புள்ளியும் மாறாது. முன்பக்கத்தில் பதிப்பாளர் குறிப்பு என்று ஒரே ஒரு வரி இருக்கும்: இதில் வரும் நல்லதம்பி வாத்தியார் நான்தான். அந்த இரண்டு ஏக்கரில் இந்த மாரிக் காலபோகம் என் மெசின் இறங்காது. போன குடும்பம் வவுனியாவில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் பெரிய காரியம் என்று நான் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது செய்திருந்தால் காரியம். இப்போது செய்வது பிந்திய கடமை. விமலேஸ்வரி அக்கா, என்னை மன்னியுங்கள் என்று கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

பின்னால் இருக்கும் பதாகையை யாராவது கழற்றுங்கள். மூன்றும் ஒன்றாக வரும் நாளில் அந்தச் சொல்லை மாட்டிக்கொள்ளலாம். அதுவரை அது நமக்கு உரியதில்லை.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது இரண்டு நிமிட மௌன அஞ்சலி. எழும்பவேண்டாம், இருங்கள். அந்த அம்மாவுக்கு நாம் நாலு வருடம் மௌனமாக இருந்துவிட்டோம். பதினாலு வருடம் என்றும் சொல்லலாம். இனி ஒரு நிமிடமும் வேண்டாம்.

வீரம்மா அக்கா! இந்தப் பொலித்தீன் பைக்குள் இருப்பது அவர் கையால் எழுதிய பக்கங்கள். வெளியீட்டு விழாவில் முதல் பிரதியை மேடையில் இருக்கும் பெரியவருக்குக் கொடுப்பதுதான் நம் வழக்கம். இது உங்களுடையது. அன்றைக்கு இந்த மண்டபத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் பகிடி விட்டேன், எல்லாரும் சிரித்தோம். சிரிப்புச் சத்தத்தில் அதன் பிறகு நீங்கள் சொன்னது எவருக்கும் கேட்கவில்லை. அம்மையாருக்கும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அதை எழுதியிருக்கிறார்: 'அவள் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.' அதோடு நூல் முடிகிறது.

வாசற்படியிலை நிக்காதேங்கோ, அக்கா. உள்ளுக்கு வாங்கோ. மைக் இந்தா இருக்கு. அண்டைக்குச் சொன்னதை இப்ப சொல்லுங்கோ. அவவுக்கும் சேர்த்து ஏசுங்கோ.